குல்மார்க்கில் கோண்டோலாவை விட்டு விலகிப் போகும் முன்

காஷ்மீரின் குல்மார்க்கில் இரண்டு நாள் விடாமல் பனி கொட்டி, மூன்றாம் நாள் காலையில் வானம் பளிச்சென்று திறந்தால் எல்லோருக்கும் கால் பரபரக்கும். கோண்டோலா என்ற கேபிள் காரில் அஃபர்வட் மலையின் 3,900 மீட்டர் உயரத்துக்கு மேல் ஏறி, யாரும் மிதிக்காத புதுப் பனியில் சறுக்கி இறங்க வேண்டும் என்ற ஆசை. முதல் தவறே அங்கேதான். வெயில் வந்துவிட்டது, இனி பனிச்சரிவு ஆபத்தில்லை என்று நினைத்துவிடுகிறோம், ஆனால் புதிதாக விழுந்த கனம் பழைய பனியோடு இன்னும் ஒட்டிப் பிடித்திருக்காது, அதனால் பனி நின்ற அடுத்த ஒன்றிரண்டு நாள்தான் மிக மோசமான நேரம்.

பனிச்சரிவு என்றால் எங்கோ மேலே தானாகக் கிளம்பி நம் மேல் வந்து விழுவது என்று பலர் நினைக்கிறார்கள். சறுக்கப் போய் இறந்தவர்களின் கதை வேறு. பத்தில் ஒன்பது விபத்துகளில் சரிவைக் கிளப்பியது சிக்கியவரோ அவர் கூட வந்தவரோதான். தரையில் ரவையைக் கொட்டி அதன் மேல் ஒரு பலகையைச் சாய்த்து வைத்ததாக நினைத்துப் பாருங்கள். மேலே இறுகிய பனிப்பாளம், அடியில் ஒட்டாத குருணைப் பனி. ஒரு ஆளின் எடை விழுந்ததும் அடியிலுள்ள அடுக்கு உடைந்து பாளம் மொத்தமாகக் கிளம்பிவிடும். முன்னால் பத்துப் பேர் போன தடம் இருக்கிறதே என்று நம்புவதும் வேண்டாம், பாளம் மெலிந்திருக்கும் இடத்தில் பதினோராவது ஆள்தான் கால் வைப்பார்.

சாய்வைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள். பெரும்பாலான பாளச் சரிவுகள் 30 முதல் 45 டிகிரி சாய்வில் கிளம்புபவை. நம் வீட்டு மாடிப்படியும் அதே அளவு சாய்வுதான், அதனால்தான் பார்த்தால் பயமே வராது. சாய்வு அளக்கும் ஆப் போனிலேயே இருக்கிறது, ஸ்கீ கம்பைப் பனியில் படுக்க வைத்து அதன் மேல் போனை வைத்தால் போதும். நீங்கள் நிற்கும் இடம் சமதளமாக இருந்தாலும் தலைக்கு மேலே இருக்கும் சரிவையும் பாருங்கள். பனி பெய்யாத நாளிலும் காற்று ஒரு பக்கத்துப் பனியை வாரி முகட்டின் மறுபக்கத்தில் குவித்துக்கொண்டே இருக்கும், அந்த மறைவுப் பக்கம் எப்போதும் சந்தேகத்துக்குரியது.

அடுத்தது எனக்கு ரொம்பக் கவலை தரும் தவறு. குல்மார்க்கின் பனி ரோந்துக் குழு கோண்டோலாவுக்குக் கீழே இருக்கும் பகுதியைத்தான் வெடி வைத்து, ஆபத்தான பனியை முன்கூட்டியே சரியவிட்டுப் பாதுகாக்கிறது. எல்லை காட்டும் கயிற்றைத் தாண்டினால் அந்தப் பாதுகாப்பு கிடையாது. ஏறி வந்தது அதே லிஃப்டில் என்பதால் இதுவும் அதே மாதிரி இடம்தான் என்று தோன்றிவிடுகிறது. 2023 பிப்ரவரி 1-ஆம் தேதி அஃபர்வட்டில் பனிச்சரிவில் சிக்கிப் போலந்து நாட்டவர் 2 பேர் இறந்தார்கள், அடுத்த வருடம் பிப்ரவரியிலும் குல்மார்க் பனிச்சரிவில் ரஷ்யர் ஒருவர் இறந்தார். உள்ளூர் வழிகாட்டிக்குக் கொடுக்கும் பணத்தில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

பனிச்சரிவு எச்சரிக்கை அளவு 5-இல் 3 என்றால் பாதிதானே என்று கிளம்புகிறவர்களும் உண்டு. அந்த 3-ஆம் நிலையில்தான் நிறையப் பேர் சாகிறார்கள், 4, 5 என்றால் பயந்து அதிகம் பேர் போவதில்லை. காலடியில் 'வும்ப்' என்று பனி அமுங்கும் சத்தம் கேட்டாலோ, ஸ்கீ முனையிலிருந்து விரிசல் ஓடினாலோ, அந்தச் சரிவு வேண்டாம், திரும்பிவிடுங்கள்.

சரி, கருவிகள். டிரான்ஸீவர் (புதைந்தவரைத் தேட உதவும் சிக்னல் கருவி), ப்ரோப் (பனிக்குள் குத்திப் பார்க்கும் நீளக் கம்பி), ஷவல் (மண்வாரி) மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டால் பெரிய பயன் இல்லை. எந்த நிறுவனத்து டிரான்ஸீவரும் 457 கிலோஹெர்ட்ஸில் பேசும், ஆனால் அதே சட்டைப்பையில் போனை வைத்தால் குழம்பிவிடும், குறைந்தது 20 சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள். வாடகைக்கு எடுத்ததும் ஒன்றைப் பனியில் புதைத்துத் தேடிப் பழகிப் பாருங்கள்.

2016-இல் சியாச்சினில் மெட்ராஸ் ரெஜிமென்ட் வீரர்கள் 10 பேர் பனிச்சரிவில் புதைந்தபோது அவர்களில் ஹனுமந்தப்பா 6 நாள் கழித்து உயிரோடு கிடைத்தாரே என்று சொல்வார்கள். அவரும் சில நாளில் மருத்துவமனையில் இறந்துவிட்டார். பொதுவாக 10 நிமிடத்துக்குள் எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைப்பார்கள், அரை மணி ஆனால் மூன்றில் ஒருவர்தான். மீட்புக் குழு கீழேயிருந்து வந்து சேரும் முன்பே அந்த நேரம் போய்விடும், காப்பாற்றப் போவது கூட இருப்பவர்தான். அதனால் சரிவை ஒவ்வொருவராகக் கடந்து, மற்றவர்கள் ஓரத்தில் பத்திரமான இடத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருங்கள். யாராவது சிக்கினால் கடைசியாகப் பார்த்த இடத்திலிருந்து கண்ணை எடுக்காதீர்கள். மேலே இன்னும் பனி சரியாது என்று பார்த்துவிட்டு, அங்கிருந்து கீழ்நோக்கித் தேடுங்கள். ப்ரோப் ஆள் மேல் பட்டதும் அதைப் பிடுங்காமல் அப்படியே விட்டுவிட்டு, அவருக்கு நேர் மேலே நின்று தோண்டாமல், சரிவின் கீழ்ப்பக்கத்திலிருந்து அவரை நோக்கிக் குடைந்து போய் முதலில் முகத்தையும் மூச்சு வழியையும் திறந்துவிடுங்கள்.