நோய் இனி எப்படிப் போகும்? அவதானிப்பு ஆய்வுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காய்ச்சலோடு வலிப்பு வந்த குழந்தைக்குப் பின்னாளில் காய்ச்சல் இல்லாமலே வலிப்பு வருமா? பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி இதுதான். 1980-இல் ஜோனஸ் எல்லன்பெர்க், கரின் நெல்சன் என்ற இரு ஆய்வாளர்கள் அதுவரை வந்திருந்த ஆய்வுகளை இரண்டு வகையாகப் பிரித்துப் பார்த்தார்கள். மருத்துவமனைகளுக்கும் சிறப்பு மருத்துவர்களிடமும் வந்த குழந்தைகளை வைத்து எழுதியவை ஒரு வகை. ஒரு மக்கள்தொகையில் காய்ச்சல் வலிப்பு வந்த குழந்தைகளை முழுதாகப் பின்தொடர்ந்தவை இன்னொரு வகை. முதல் வகையில் விடை 2.6 சதவீதத்தில் தொடங்கி 76.9 சதவீதம் வரை ஓடியது. இரண்டாவது வகையில் 1.5-க்கும் 4.6-க்கும் இடையில் அடங்கிவிட்டது.

மருத்துவமனை ஆய்வுகளில் யாரும் கணக்கைத் தப்பாகப் போடவில்லை. ஒருமுறை வலிப்பு வந்து தானாகச் சரியான குழந்தை பெரிய மருத்துவமனை வரை போவதில்லை. மீண்டும் மீண்டும் வந்த குழந்தைதான் போகிறது. அந்தக் குழந்தைகளை மட்டும் எண்ணினால் நோய் உள்ளதைவிடக் கொடியதாகத்தான் தெரியும். நோய்ப்போக்கு பற்றிய ஆய்வுகளில் மோசமான தவறுகள் பெரும்பாலும் புள்ளியியல் மென்பொருளைத் திறப்பதற்கு முன்பே நடந்துவிடுகின்றன. யாரைச் சேர்த்தோம், எந்த நாளிலிருந்து எண்ணத் தொடங்கினோம் என்ற இரண்டு இடங்களில்தான் அவை ஒளிந்திருக்கின்றன.

எந்தக் கேள்விக்கும் சீரற்ற முறையில் பிரித்துச் செய்யும் சிகிச்சைப் பரிசோதனைதான் உச்சம் என்று நினைப்பது முதல் தவறு. "இந்த மருந்து வேலை செய்கிறதா" என்ற கேள்விக்கு அது சரி. "இந்த நோய் வந்தவருக்கு அடுத்த ஐந்து ஆண்டில் என்ன ஆகும்" என்பது வேறு கேள்வி. இதில் யாரையும் இரு குழுவாகப் பிரிக்கத் தேவையில்லை. ஒரே கட்டத்தில் இருப்பவர்களைச் சேர்த்து, எதையும் மாற்றாமல் கவனித்து (இதுதான் அவதானிப்பு ஆய்வு), கடைசி வரை விடாமல் பின்தொடர்ந்தால் போதும். ஆக்ஸ்ஃபோர்டின் சான்றுசார் மருத்துவ மையம் 2011-இல் வெளியிட்ட சான்றுநிலை அட்டவணையிலும், நோய்ப்போக்குக் கேள்விக்கு முதல் இடம் ஒரு குழுவை நோயின் தொடக்கத்திலிருந்தே பின்தொடரும் கோஹார்ட் ஆய்வுகளின் முறையான தொகுப்புக்குத்தான். சிகிச்சைப் பரிசோதனைகளில் முதியவர்களும் வேறு நோய்கள் சேர்ந்திருப்பவர்களும் பல நேரங்களில் வெளியே நிறுத்தப்படுகிறார்கள். அதில் கிடைக்கும் இறப்பு விகிதத்தை எடுத்து எல்லா நோயாளிக்கும் சொன்னால் பொய்யான நம்பிக்கையைத்தான் கொடுப்போம்.

குறுக்குவெட்டு ஆய்வைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. ஒரே நாளில் எல்லாவற்றையும் அளக்கும் ஆய்வு, நாளை என்ன நடக்கும் என்று சொல்லாது. அதில் கிடைத்த தொடர்பை "முன்கூட்டியே காட்டுகிறது" என்று எழுதுவதை விட்டுவிட வேண்டும்.

கேஸ்-கன்ட்ரோல் ஆய்வு, அதாவது விளைவு வந்தவர்களையும் வராதவர்களையும் தனித்தனியே எடுத்து ஒப்பிடும் ஆய்வு, இன்னும் நயமாக ஏமாற்றும். ஒரு கற்பனைக் கணக்கு பார்ப்போம். ஒரு நோயில் இறந்த 100 பேரையும் பிழைத்த 100 பேரையும் பதிவேட்டிலிருந்து எடுக்கிறோம். இறந்தவர்களில் 60 பேருக்கும் பிழைத்தவர்களில் 30 பேருக்கும் சிறுநீரகக் கோளாறு இருந்தது. ஆக, கோளாறு இருந்த 90 பேரில் 60 பேர் இறந்திருக்கிறார்கள், அதாவது 67 சதவீதம். கேட்கவே பயமாக இருக்கிறது. ஆனால் பாதிப் பேர் இறந்தவர்களாக இருக்கட்டும் என்று முடிவுசெய்தது ஆய்வாளர்தானே? உண்மையில் அந்த நோயில் 1000 பேருக்கு 50 பேர்தான் இறக்கிறார்கள் என்றால், அந்த 50 பேரில் 30 பேருக்கும் பிழைத்த 950 பேரில் 285 பேருக்கும் கோளாறு இருக்கும். கோளாறு உள்ள 315 பேரில் இறந்தது 30 பேர். 67 சதவீதம் 9.5 ஆகிவிட்டது.

இரண்டு கணக்கிலும் முரண்விகிதம் (கோளாறு உள்ளவர்களில் ஒரு பிழைத்தவருக்கு எத்தனை இறந்தவர் என்ற எண்ணை, கோளாறு இல்லாதவர்களின் அதே எண்ணால் வகுத்தது) 3.5 என்று மாறாமல் நிற்கிறது. அதனால் காரணத்தைத் தேடுவதற்கு இந்த வடிவமைப்பு அருமையான கருவி. பிரிட்டன் ஆய்வாளர்கள் டால், ஹில் இருவரும் 1950-இல் புகைப்பழக்கத்துக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை இப்படித்தான் காட்டினார்கள். நோயாளிக்கு வேண்டியது விகிதம் இல்லையே. "எனக்கு எத்தனை சதவீதம்" என்பதுதான். ஒரு முழுமையான கோஹார்ட்டுக்குள்ளேயே கேஸ்-கன்ட்ரோல் எடுத்து, எத்தனை பேரில் ஒருவரை எடுத்தோம் என்ற எடையைத் திருப்பிச் சேர்த்தால் அதையும் மீட்டுவிடலாம். அப்படிச் செய்யாத ஆய்விலிருந்து சதவீதம் சொல்லக்கூடாது.

எண்ணத் தொடங்கிய நாள்

இதில்தான் நான் அதிக நேரம் நிற்க விரும்புகிறேன், ஏனென்றால் நல்ல ஆய்வாளர்களும் இங்கே சறுக்குகிறார்கள்.

மறதிநோய் வந்தபின் ஒருவர் எத்தனை ஆண்டு வாழ்வார்? கனடாவில் நடந்த பெரிய ஆய்வு ஒன்றின் தரவை வைத்து வுல்ஃப்சன் குழுவினர் 2001-இல் இதற்கு விடை தேடினார்கள். ஆய்வு தொடங்கியபோது ஏற்கெனவே மறதிநோயோடு இருந்தவர்களை அப்படியே எண்ணியபோது, நோய் தொடங்கியதிலிருந்து வாழும் காலத்தின் இடைநிலை (பாதிப் பேர் தாண்டும் காலம்) 6.6 ஆண்டு என்று வந்தது. ஒரு குறையைத் திருத்தியதும் அது 3.3 ஆண்டாகப் பாதியானது.

ஓடும் பேருந்து ஒன்றில் பாதி வழியில் ஏறி, உள்ளே இருப்பவர்களிடம் எவ்வளவு தூரம் போகிறீர்கள் என்று கேட்டால் நீண்ட தூரப் பயணிகளே அதிகம் இருப்பார்கள். இரண்டு நிறுத்தத்தில் இறங்கியவர்கள் அந்தக் கணக்கில் வரவே மாட்டார்கள். நோய் வந்து விரைவில் இறந்துபோனவர்கள் ஆய்வாளர் வந்து சேரும்போது உயிரோடு இல்லை. அதனால் எஞ்சியிருப்பவர்களை வைத்துச் சொல்லும் ஆயுள் கூடுதலாகத் தெரிகிறது.

கவனித்தீர்களா, காய்ச்சல் வலிப்பில் பிழை நோயைக் கொடியதாகக் காட்டியது, மறதிநோயில் சாதுவாகக் காட்டியது. எந்தப் பக்கம் சாயும் என்பது ஆய்வின் வாசலில் யார் நின்றார்கள் என்பதைப் பொறுத்தது. அதனால் "எப்படியும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லியிருப்பார்கள்" என்று குத்துமதிப்பாகத் தள்ளிவிட முடியாது.

தொடக்க நாளை முன்னே நகர்த்தினாலும் ஆயுள் நீண்டதுபோலத் தெரியும். பரிசோதனை நுட்பம் வளர்ந்து, இரண்டு ஆண்டு முன்னதாகவே நோயைக் கண்டுபிடித்தால், அதே நாளில் இறப்பவரும் "நோய் தெரிந்தபின்" இரண்டு ஆண்டு அதிகம் வாழ்ந்தவராகிறார். இதைவிட நுட்பமான ஒன்றை ஆல்வன் ஃபைன்ஸ்டைன் குழுவினர் 1985-இல் நுரையீரல் புற்றுநோயில் காட்டினார்கள். புதிய படமெடுக்கும் கருவிகள், முன்பு கண்ணுக்குத் தப்பிய சிறிய பரவல்களைப் பிடித்தன. அதனால் முன்பு ஆரம்ப நிலை என்று சொல்லப்பட்டிருக்கக்கூடிய சிலர் முற்றிய நிலைக்கு மாற்றப்பட்டார்கள். ஆரம்ப நிலையிலிருந்து மோசமானவர்கள் வெளியேறியதால் அதன் பிழைப்பு விகிதம் ஏறியது. முற்றிய நிலைக்குள் ஓரளவு நல்ல நிலையில் இருந்தவர்கள் வந்ததால் அதுவும் ஏறியது. யாரும் ஒரு நாள்கூட அதிகம் வாழாமலே இரண்டு நிலைகளிலும் முன்னேற்றம் தெரிந்தது. வில் ராஜர்ஸ் நிகழ்வு என்று இதைச் சொல்கிறார்கள். பழைய காலத்து நோயாளிகளோடு இன்றையவர்களை நிலைவாரியாக ஒப்பிடும் எந்த ஆய்வையும் படிக்கும்போது இது நினைவில் இருக்கட்டும்.

அப்புறம், எதிர்காலத்தில் நடப்பதை வைத்து இன்று குழு பிரிப்பது. ஆஸ்கர் விருது வென்ற நடிகர்கள் வெல்லாதவர்களைவிட 3.9 ஆண்டு அதிகம் வாழ்கிறார்கள் என்று 2001-இல் ஓர் ஆய்வு வந்து உலகெங்கும் செய்தியானது. 60 வயதில் விருது வாங்கியவர் அதுவரை இறக்காமல் இருந்ததால்தானே வாங்கினார்? விருதுக்கு முந்தைய அந்த ஆண்டுகளையும் வெற்றியாளர் கணக்கில் சேர்த்ததுதான் கோளாறு. 2006-இல் அதே தரவைத் திருத்தி ஆராய்ந்தபோது வித்தியாசம் ஏறத்தாழ ஓர் ஆண்டாகச் சுருங்கியது; அதுவும் தற்செயலாக வந்திருக்கக்கூடிய அளவுதான்.

நடிகர்கள் விஷயத்தில் இதைப் படித்துவிட்டு நகர்ந்துவிடலாம். புற்றுநோய் மருத்துவத்தில் இதே பிழை "சிகிச்சைக்குக் கட்டி சுருங்கியவர்கள் அதிக நாள் வாழ்ந்தார்கள்" என்ற வடிவில் வருகிறது. மூன்றாவது மாதம் ஸ்கேன் எடுத்துத்தான் கட்டி சுருங்கியதா என்று பார்க்கிறோம் என்றால், அதற்கு முன் இறந்தவர் யாருமே "சுருங்கியவர்" பட்டியலில் வர முடியாது. மூன்றாம் மாதத்தில் உயிரோடு இருப்பவர்களை மட்டும் எடுத்து அங்கிருந்து எண்ணத் தொடங்க வேண்டும், அல்லது காலத்தோடு மாறும் காரணியாக அதைக் கையாள வேண்டும்.

முன்னறிகுறியைக் காரணமாகப் படிப்பது

நிமோனியா நோயாளிகளில் யார் இறக்கக்கூடும் என்று கணிக்க 1990-களில் அமெரிக்காவில் கணினி மாதிரிகளை உருவாக்கினார்கள். ஆஸ்துமா இருப்பவர்களுக்கு இறப்பு அபாயம் குறைவு என்று தரவிலிருந்து வந்தது. ஆஸ்துமா நுரையீரலைக் காக்கிறதா என்ன? நிமோனியாவோடு வரும் ஆஸ்துமா நோயாளிகளை மருத்துவர்கள் நேராகத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பியிருந்தார்கள். அந்தக் கூடுதல் கவனிப்புதான் அவர்களைக் காப்பாற்றியது.

மாதிரி சொன்னது பொய் இல்லை. அந்தக் கவனிப்பு தொடரும் வரை கணிப்பும் சரியாகவே இருக்கும். ஆனால் அந்த எண்ணை நம்பி "ஆஸ்துமாக்காரர்களை வீட்டுக்கு அனுப்பலாம்" என்று முடிவெடுத்தால் உயிர் போகும். எந்த நோய்ப்போக்கு எண்ணும், நோயாளிகள் பெற்ற சிகிச்சையையும் உள்ளே வைத்துக்கொண்டுதான் வருகிறது. "என்ன ஆகும்" என்பதும் "எதை மாற்றினால் என்ன ஆகும்" என்பதும் ஒரே தரவிலிருந்து ஒரே நேரத்தில் கிடைத்துவிடாது. இரண்டாவதற்குக் குழப்பும் காரணிகளை (காரணத்தோடும் விளைவோடும் தொடர்புள்ள வேறு காரணிகளை) தனியே சிந்திக்க வேண்டும். முதலாவதற்கு அவற்றை ஒவ்வொன்றாக நீக்கத் தேவையே இல்லை, கணிப்பு பலிக்கிறதா என்பதுதான் அங்கே கேள்வி. ஒரே கட்டுரையில் பத்துக் காரணிகளை ஒரே சமன்பாட்டில் போட்டு, ஒவ்வொன்றுக்கும் கிடைத்த எண்ணை, அதாவது பத்து குணகங்களையும், "ஆபத்துக் காரணிகள்" என்று விளக்கி, கடைசிப் பத்தியில் அவற்றை மாற்றச் சொல்லி அறிவுரை தருவதைத் தயவுசெய்து நிறுத்த வேண்டும்.

விட்டுப்போனவர்கள்

பின்தொடர்தலில் காணாமல் போனவர்களைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு மீதிப் பேரை வைத்து எழுதுவது சர்வசாதாரணமாக நடக்கிறது. நலமானவர் திரும்ப வரத் தேவையில்லாமல் போயிருக்கலாம், மோசமானவர் வர முடியாமல் போயிருக்கலாம். எந்தப் பக்கம் என்று தெரியாதவரை, எத்தனை பேர், எந்தக் கட்டத்தில், தொடக்கத்தில் அவர்கள் நிலை என்ன என்று சொல்லியே ஆக வேண்டும். இதன் இன்னொரு வடிவம் கோவிட் காலத்தில் பெரிதாக வந்தது. 2020-இல் பிஎம்ஜே மருத்துவ இதழில் கோவிட் கணிப்பு மாதிரிகளைப் பற்றிய முதல் தொகுப்பாய்வு வெளியானபோது, பார்த்த 31 மாதிரிகளும் பிழைச்சாய்வு (விடையை ஒரு பக்கமாக இழுக்கும் பிழை) வரும் அபாயம் அதிகம் உள்ளவை என்று மதிப்பிடப்பட்டன. ஆய்வு முடியும்போது இன்னும் மருத்துவமனையிலேயே இருந்தவர்களைப் பல குழுக்கள் கணக்கிலிருந்து நீக்கியிருந்தன. குணமாகிப் போனவர், இறந்தவர் ஆகிய இருவர் மட்டும் மிஞ்சினால் இறப்பு விகிதம் எப்படி ஒழுங்காக வரும்?

முதியவர்களைப் பற்றிய ஆய்வில் வேறொரு சிக்கல் உண்டு. இடுப்பெலும்பு முறிவு வரும் வாய்ப்பைக் கணக்கிடுகிறோம், நடுவில் சிலர் மாரடைப்பில் இறக்கிறார்கள். நிகழ்வு வரும் வாய்ப்பைக் காலப்போக்கில் கணக்கிடும் கப்லான்-மயர் முறையில் அவர்களைச் சாதாரணமாக இடையில் விலகியவர்களாகக் கருதினால், இறந்தவருக்கும் இனிமேல் எலும்பு முறியலாம் என்று கணக்கு எடுத்துக்கொள்ளும். விடை உண்மையைவிட உயரும். போட்டி அபாயங்களை (நாம் எண்ணும் நிகழ்வு வரவே முடியாமல் செய்யும் வேறு நிகழ்வுகளை) கணக்கில் எடுக்கும் முறைகள் இதற்கென்றே இருக்கின்றன.

மாதிரி உருவாக்கும்போது

இரத்த அழுத்தம் போன்ற தொடர் அளவை "அதிகம், குறைவு" என்று இரண்டாக வெட்டாதீர்கள். வெட்டும் இடத்தைத் தரவிலேயே தேடி, மிக நல்ல விடை தருவதைத் தேர்ந்தெடுப்பது அதைவிட மோசம். நிகழ்வுகள் குறைவாகவும் காரணிகள் அதிகமாகவும் இருந்தால் மாதிரி அந்தத் தரவை மனப்பாடம் செய்துவிடும். புதிய நோயாளியிடம் தோற்கும்.

தோற்பது எப்படி என்பதற்கு ஃப்ராமிங்ஹாம் நல்ல பாடம். 1948-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 5209 பேரோடு தொடங்கிய அந்த ஆய்வு இதயநோய் பற்றிய நம் அறிவையே மாற்றியது. அதிலிருந்து வந்த அபாய மதிப்பெண்ணை 2003-இல் பிரிட்டன் ஆண்களிடம் சோதித்தபோது, பத்தாண்டில் 16 சதவீதம் பேருக்கு இதய நிகழ்வு வரும் என்று அது கணித்தது, வந்தது 10.2 சதவீதம் பேருக்கு. யாருக்கு யாரைவிட அபாயம் அதிகம் என்று வரிசைப்படுத்துவதில் ஒரு மாதிரி தேறலாம், ஆனாலும் சொல்லும் சதவீதம் தவறாக இருக்கலாம். முதலாவதை மட்டும் சோதித்து வெளியிடும் கட்டுரைகள் ஏராளம். நோயாளியிடம் போய்ச் சேர்வது அந்தச் சதவீதம்தான்.

அதையும் ஒற்றை எண்ணாகச் சொல்லிவிடுவது கடைசித் தவறு. உயிரியலாளர் ஸ்டீபன் ஜே கூல்டுக்கு 1982-இல் வயிற்றுச் சவ்வில் மீசோதீலியோமா என்ற புற்றுநோய் இருப்பது தெரிந்தபோது, வாழும் காலத்தின் இடைநிலை எட்டு மாதம் என்றுதான் மருத்துவ நூல்களில் இருந்தது. பாதிப் பேர் எட்டு மாதத்தைத் தாண்டுகிறார்கள், அந்தப் பாதியின் வால் வலப்பக்கம் நீண்டு போகிறது என்பதை அவர் உடனே புரிந்துகொண்டார். அவர் 2002 வரை வாழ்ந்தார். கட்டுரையில் இடைநிலையோடு கால்பங்கு எல்லைகளையும் (கால்வாசிப் பேரும் முக்கால்வாசிப் பேரும் இறந்துவிடும் காலங்கள்), ஓராண்டு, ஐந்தாண்டு பிழைப்பு விகிதங்களையும், அவற்றின் நம்பக இடைவெளிகளையும் (உண்மையான எண் இருக்கக்கூடிய எல்லைகள்) தர வேண்டும்.

எழுதும்போது ஸ்ட்ரோப் (அவதானிப்பு ஆய்வுகளுக்கு), ட்ரைபாட் (கணிப்பு மாதிரிகளுக்கு) போன்ற வழிகாட்டிகளை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அவை எதையெல்லாம் எழுத வேண்டும் என்று சொல்பவை. அவற்றில் எல்லாக் கட்டத்திலும் குறியிட்டதால் ஆய்வு நல்ல ஆய்வு ஆகிவிடாது. பிழைச்சாய்வை எடைபோட வேறு கருவிகள் இருக்கின்றன: நோய்ப்போக்குக் காரணி ஆய்வுகளுக்கு குவிப்ஸ், கணிப்பு மாதிரிகளுக்கு ப்ரோபாஸ்ட். இரண்டுமே தொடக்கத்தில் கேட்பது, ஆய்வுக்குள் யார் எப்படி வந்தார்கள் என்பதைத்தான்.