அடிபட்ட எருமையின் பின்னால் போகும்போது

வேட்டைக்கு வந்தவர் சுட்டவுடன் வழிகாட்டியான உங்களிடம் கை நீட்டுவார். குலுக்காதீர்கள். அடுத்த தோட்டாவைப் போடச் சொல்லுங்கள். எருமை புதருக்குள் மறைந்துவிட்டதா? சரி, அப்படியே உட்காருங்கள்.

நம் நாட்டில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு வேட்டை பெரும்பாலும் முடிந்துபோனது. ஜிம்பாப்வேயில், நான் வேலை பார்க்கும் ஜாம்பேசி பள்ளத்தாக்கில், உரிமத்தோடு காட்டெருமை வேட்டை இன்றும் நடக்கிறது. காயம்பட்டதைத் தேடி முடித்துவைப்பது வழிகாட்டியின் பொறுப்பு.

அரை மணி நேரம் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருங்கள். சாகும் எருமை பெரும்பாலும் நீளமாக ஒரு கதறல் கதறும். கேட்டால் பாதிக் கவலை போச்சு. கேட்காவிட்டால் ரத்தத்தைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக நுரைத்திருந்தால் நுரையீரல், தூரம் போயிருக்காது. கருத்து, மென்ற புல் கலந்து, சாணி வாடை அடித்தால் வயிறு, வெகுதூரம் நடக்கவேண்டியிருக்கும். நிறையத் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள்.

தடம் பார்ப்பவரின் கண் தரையில் இருக்கும். உங்கள் கண் தரைக்கே வரக்கூடாது. புதியவர்கள் தப்புப் பண்ணுவது இங்கேதான். முதல் வருடம், மொபானி இலை ஒன்றில் பட்டிருந்த ரத்தத் துளியை நான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தடம் பார்க்கும் பெரியவர் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார். பக்கவாட்டில் பதினைந்து அடியில், தான் வந்த தடத்தையே பார்த்தபடி எருமை நின்றது. அடிபட்டது இப்படிச் சுற்றி வந்து காத்திருக்கும். முழு எருமையைத் தேடினால் கிடைக்காது. அசையும் காது, ஈர மூக்கின் பளபளப்பு, செங்குத்தான தண்டுகளுக்கு நடுவே படுக்கையாக ஒரு கறுப்புக் கோடு, இவைதான் தெரியும். உண்ணி பொறுக்கும் குருவிகள் திடீரென எழும்பினாலும் நில்லுங்கள்.

சுட்டவரைப் பின்னால் விடாதீர்கள். அவர் துப்பாக்கிக் குழல் உங்கள் முதுகைத்தான் பார்க்கும். பக்கத்திலேயே, குழல் வெளிப்பக்கம் பார்க்க நடக்கட்டும். கை நடுங்கினால் வண்டியிலேயே விட்டுவிடுங்கள். கோபித்துக்கொள்வார், பரவாயில்லை.

பாய்ந்தால் ஓடாதீர்கள். 700 கிலோ என்றாலும் உங்களைவிட வேகம். தலையைத் தூக்கியபடி வரும்போது மூக்கைக் குறிவையுங்கள்.

விழுந்த பிறகு முதுகுப் பக்கமாகப் போய் இன்னொரு குண்டு; தோட்டாச் செலவைப் பார்க்காதீர்கள். அப்புறம் நீளக் குச்சியால் கண்ணைத் தொடுங்கள். இமை அசையாவிட்டால் இப்போது கை குலுக்கலாம்.