பழச்சுவை செல்ட்சர்: டின்னில் பார்க்க வேண்டிய இரண்டு எண்கள்

ஹார்ட் செல்ட்சர் (அல்கஹோல் சேர்த்த, வாயு ஏற்றிய பழச்சுவைப் பானம்) டின்னை எடுத்தால் முதலில் மில்லிலீற்றரையும் அல்கஹோல் வீதத்தையும் பாருங்கள். இரண்டையும் பெருக்கி, 100ஆல் வகுத்து, வந்ததை 0.79ஆல் பெருக்குங்கள்; உள்ளே எத்தனை கிராம் அல்கஹோல் என்று தெரிந்துவிடும். 330 மி.லீ., 5% என்றால் 13 கிராம். 33.5% சாராயம் 50 மி.லீ.யிலும் ஏறக்குறைய அவ்வளவுதான். அதே டின் 7% என்றால் 18 கிராம்!

வீதம் என்பது கொள்ளளவுக் கணக்கு, ஒரு மி.லீ. அல்கஹோலின் எடை 0.79 கிராம், அதனால்தான் இந்தப் பெருக்கல். ‘சீனி குறைவு’ என்பதற்கும் வெறிக்கும் தொடர்பில்லை. குளிரும் வாயுவும் பழ வாசனையும் காரத்தை மறைப்பதால், கொழும்பு வெக்கையில் சோடா மாதிரி மளமளவென்று இறங்கிவிடும்.

பாரில் கிளாஸில் கலந்து தருவதற்கு இந்தக் கணக்கு சரிவராது, ஊற்றிய அளவு தெரியாது. வாகனம் ஓட்டலாமா என்று முடிவெடுக்கவும் இதை நம்பவே வேண்டாம்; ஒரே அளவு ஆளுக்கு ஆள் வேறு மாதிரி ஏறும்.