பலர் ஆடும் யூரோப்பா யுனிவர்சாலிஸ் 4: புதியவர் நாட்டைத் தேர்ந்தெடுப்பதும் நடத்துவதும்

யூரோப்பா யுனிவர்சாலிஸ் 4 வரலாற்று நாடுகளை ஆளும் ஒரு கணினி வியூக விளையாட்டு; அதன் ஆட்டம் 1444 நவம்பர் 11 அன்று தொடங்குகிறது. அதற்கு முந்தைய நாள்தான் வர்ணா போரில் போலந்தின் இளம் அரசர் மூன்றாம் விளாடிஸ்லாவ் உஸ்மானியப் படையிடம் தோற்று மடிந்தார்; ஆகவே போலந்தின் அரியணை காலியாகக் கிடக்கும் நிலையில்தான் வரைபடம் உங்கள் முன் விரிகிறது. அங்கிருந்து 1821 வரை ஒரு நாட்டை நடத்திச் செல்வதே ஆட்டம். கணினியோடு தனியாக ஆடிப் பழகியவர்கள் பலர் இணையவழி சேர்ந்து ஆடும் மல்டிபிளேயருக்கு வரும்போது பெரும்பாலும் ஒரே பிழையைச் செய்கிறார்கள்: தனி ஆட்டத்தில் எளிது என்று பெயர் வாங்கிய நாட்டை அப்படியே இங்கும் எடுத்துக்கொள்கிறார்கள். கணினி ஆளும் அண்டை நாடு படைபலத்தைக் கணக்கிட்டுத்தான் பகைக்கும். மனிதர் ஆளும் அண்டை நாடு அந்தக் கணக்கோடு அச்சத்தையும், சென்ற வாரத்து ஆட்டத்தில் மிஞ்சிய கோபத்தையும் சேர்த்தே பார்க்கும். எனவே ஒரு நாடு எவ்வளவு வலிமையானது என்பதைவிட, அதன் எல்லைக்கு அப்பால் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

படி 1: ஆட்டத்துக்குள் நுழையும் முன்

எல்லாரிடமும் ஒரே பதிப்பும் ஒரே மாட்களும் (ஆட்டத்தை மாற்றியமைக்கும் கூடுதல் கோப்புகள்) இருக்க வேண்டும். முதன்மைப் பட்டியலின் ஓரத்தில் தெரியும், பதிப்பை அடையாளம் காட்டும் செக்சம் எழுத்துகள் ஒத்துப்போகாவிட்டால் ஒரே ஆட்டத்தில் சேர முடியாது. விரிவாக்கத் தொகுப்புகளை எல்லாரும் வாங்க வேண்டியதில்லை. ஆட்டத்தை நடத்தும் ஹோஸ்டிடம் உள்ள தொகுப்புகளே அனைவருக்கும் பொருந்தும் என்பதால், அதிகம் வைத்திருப்பவரை ஹோஸ்டாக இருக்கச் சொல்வது வழக்கம்.

பிறகு, குழுவின் விதிகளைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தொடக்க ஆண்டுகளில் மனிதர்களுக்கு இடையே போர் உண்டா, ஒரு சமாதான உடன்படிக்கையில் மற்றோர் ஆட்டக்காரரிடமிருந்து எவ்வளவு நிலம் எடுக்கலாம், ஒருவர் வராத நாளில் அவருடைய நாட்டைத் தாக்கலாமா என்ற மூன்று கேள்விகளுக்கு விடை தெரியாமல் நாட்டைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. முதல் 30 ஆண்டுகளுக்கு மனிதர்களைத் தாக்கக் கூடாது என்ற விதி இருந்தால், தொடக்கத்தில் மெலிந்திருந்து பின்னர் வளரும் நாடுகள் உங்களுக்கு உகந்தவையாகிவிடும். அந்த விதி இல்லாத குழுவில் அதே நாடு சில மணி நேரத்தில் வரைபடத்திலிருந்து மறைந்துவிடக்கூடும்.

படி 2: நாட்டைத் தேர்ந்தெடுத்தல்

ஆட்டம் தொடங்கும் முன் எல்லாரும் கூடும் லாபித் திரையில் யார் எந்த நாட்டை எடுத்திருக்கிறார் என்பது தெரியும். ஒரு தாளில் அந்தப் பெயர்களைக் குறித்துக்கொண்டு, நீங்கள் விரும்பும் நாட்டுக்குத் தரைவழியாக எத்தனை மனித அண்டையர் இருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். ஒருவர் என்றால் தாராளமாக எடுக்கலாம். இருவர் என்றால் அவர்களில் ஒருவரோடு முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். மூன்று பேர் என்றால், அது எவ்வளவு அழகான நாடாக இருந்தாலும், இந்த முறை வேறொன்றைப் பாருங்கள்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். என் முதல் பெரிய ஆட்டத்தில் பர்கண்டியை எடுத்தேன். செல்வம் கொழிக்கும் தாழ்நில நகரங்கள், நல்ல படை, எல்லாம் இருந்தன. பிரான்ஸை ஆடியவரும் ஆஸ்திரியாவை ஆடியவரும் லாபியில் இருந்தபோதே அந்த நிலங்களைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது ஆட்டம் தொடங்கிப் பத்தே ஆண்டுகளில் எனக்குப் புரிந்தது. வரலாற்றிலும் பர்கண்டியின் கதை அப்படித்தான்: 1477இல் நான்சியில் சார்லஸ் பிரபு மாண்டதும் பிரெஞ்சு அரசரும் ஹாப்ஸ்பர்க் குடும்பமும் அவருடைய நிலங்களைப் பிரித்துக்கொண்டனர். ஆட்டத்திலும் வாரிசுரிமையால் பர்கண்டி பிறர் கைக்குப் போகும் நிகழ்வு உண்டு என்பதால், அக்கம்பக்கத்தார் அனைவரின் கண்ணும் அதன்மேல்தான் இருக்கும்.

புதியவர்களுக்கு நான் முதலில் சொல்வது போர்த்துகல். ஐரோப்பாவில் அதன் ஒரே தரை எல்லை காஸ்டில் (பின்னாளைய ஸ்பெயினின் மைய அரசு). காஸ்டிலை ஆடுபவர் நண்பராக அமைந்துவிட்டால் உங்கள் கவலையெல்லாம் கடலோடு முடிந்துவிடும். தொடக்கத்திலேயே சியூட்டா உங்கள் கையில் இருப்பதால் வட ஆப்பிரிக்காவில் கால் ஊன்றியிருக்கிறீர்கள். ஆய்வுப் பயணக் கருத்துத் தொகுதியை (நாட்டுக்குக் கடலாய்வுத் திறன்களைத் தரும் தொகுப்பை) முதலில் எடுத்து அட்லாண்டிக் தீவுகளிலும் அமெரிக்காவிலும் குடியேற்றங்களை அமைக்கத் தொடங்கலாம். பெரிய போர்கள் குறைவாக இருப்பதால், திரையில் எது எங்கே இருக்கிறது என்று கற்றுக்கொள்ள நேரம் கிடைக்கும். சற்றுச் சலிப்பூட்டும் நாடு என்று சிலர் சொல்வார்கள். முதல் ஆட்டத்தில் அந்தச் சலிப்பு ஒரு நன்மைதான்.

இங்கிலாந்துக்குக் கடலே கோட்டை. ஆனால் 1444இல் நார்மண்டியும் கஸ்கோனியும் அதன் வசம் இருப்பதால், பிரான்ஸ் மனிதர் கையில் இருக்கும்போது அந்த நிலங்களைக் காக்க முயன்றே உங்கள் முதல் 20 ஆண்டுகள் கழிந்துவிடும். அவற்றைப் பேச்சுவார்த்தையில் விட்டுக்கொடுத்து, பதிலுக்கு நீண்டகால நட்பை வாங்கிக்கொண்டு, பணத்தைக் கப்பற்படையில் போடுவதே மேல். மாஸ்கோ மற்றொரு நல்ல தேர்வு: வடக்கே நோவ்கொரோட், தெற்கிலும் கிழக்கிலும் புல்வெளி அரசுகள் என்று கணினி ஆளும் நாடுகளை வென்றே வளரலாம். விஜயநகரமும் அத்தகையதே. பாமினி அரசும் சிறிய அண்டை நாடுகளும் பெரும்பாலும் கணினியிடமே இருக்கும். ஐரோப்பியக் கப்பல்கள் வந்து சேரும் முன் தீபகற்பத்தை ஒன்றிணைக்கக் காலம் இருக்கிறது.

ஆனால் தொலைவுக்கு ஒரு விலை உண்டு. மறுமலர்ச்சி 1450இலும், காலனியம் 1500இலும், அச்சு இயந்திரம் 1550இலும் என்று அரை நூற்றாண்டுக்கு ஒன்றாகத் தோன்றும் இன்ஸ்டிடியூஷன்களில் (நாடுகள் ஏற்க வேண்டிய காலத்தின் புதுமைகள்) முந்தையவை ஐரோப்பாவிலிருந்தே மெல்லப் பரவும். அவற்றை ஏற்காத நாட்டுக்குத் தொழில்நுட்பச் செலவு ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே போகும். விஜயநகரத்தை ஆடுபவர் ஒரு வளமான மாகாணத்தில் ஆட்சிப் புள்ளிகளை (மாதந்தோறும் சேரும் புள்ளிகள்; படி 4 பார்க்க) கொட்டி அதன் டெவலப்மென்ட்டை, அதாவது வளர்ச்சி நிலையை உயர்த்தி, இன்ஸ்டிடியூஷனை அங்கேயே வரவழைக்கும் உத்தியைக் கற்றுக்கொள்ள வேண்டும்.

உஸ்மானியப் பேரரசை முதல் ஆட்டத்தில் எடுக்காதீர்கள். அது வலிமையான நாடுதான்; அதனாலேயே ஆஸ்திரியா, போலந்து, வெனிஸ், மாம்லுக் என எல்லாரும் முதல் நாளிலிருந்தே அதற்கு எதிராகக் கூடுவார்கள். மிங் சீனத்தின் விண்ணாணை முறையும் (பேரரசரின் ஆளும் உரிமையை அளக்கும் முறை) புனித ரோமப் பேரரசரான ஆஸ்திரியாவின் பொறுப்புகளும் தனியே படிக்க வேண்டிய பாடங்கள். இன்னும் தயக்கம் இருந்தால், ஒரே நாட்டை இருவர் சேர்ந்து ஆளும் வசதி ஆட்டத்திலேயே இருக்கிறது. அனுபவசாலி ஒருவருடன் சேர்ந்து, அவர் போரை நடத்த நீங்கள் வணிகத்தையும் கட்டடங்களையும் கவனித்துக்கொள்ளலாம்.

படி 3: நாள் ஓடத் தொடங்கும் முன்

எல்லாரும் தயாராகும் வரை ஆட்டம் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும். அதன்பின் நினைத்தபோதெல்லாம் நிறுத்தி யோசிக்க மற்றவர்கள் விடமாட்டார்கள் என்பதால், இந்தச் சில நிமிடங்கள் மிகவும் மதிப்பு வாய்ந்தவை. மூன்று ஆலோசகர்களையும் உடனே அமர்த்துங்கள். தொடக்கத்தில் முதல் நிலையினரே போதும். வணிகர்களை அனுப்புங்கள். படைகளுக்கு எண் விசைகளை ஒதுக்கிக்கொண்டால், போரின் நடுவே வரைபடத்தில் தேடி அலைய வேண்டியிருக்காது.

எதிரிகளாக மூன்று நாடுகளைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் ரைவல் பகுதியில்தான் சற்று நிதானம் வேண்டும். ரைவல்களால் உயரும் பவர் புரொஜெக்ஷன் (நாட்டின் செல்வாக்கைக் காட்டும் எண்) 50ஐத் தொட்டால், மூவகை ஆட்சிப் புள்ளியிலும் மாதத்துக்கு ஒன்று கூடுதலாகக் கிடைக்கும். எனவே அந்த இடங்களைக் காலியாக விடக் கூடாது. அதே சமயம், மனிதர் ஒருவரின் நாட்டை எதிரியாக அறிவித்தால் அந்தச் செய்தி அவருக்கும் தெரிந்துவிடும். முடிந்தவரை கணினி நாடுகளையே குறியுங்கள். மனிதரைத்தான் குறிக்க வேண்டியிருந்தால், கணக்குக்காகத்தான் என்று முன்பே சொல்லிவிடுங்கள். நம்புவாரா என்பது வேறு விஷயம்.

படி 4: ஆட்சிப் புள்ளிகளே உண்மையான நாணயம்

ஆட்டத்தின் பணமான டக்கட்டைக் கடனாக வாங்கலாம்; நிர்வாகம், அரசுறவு, இராணுவம் என்ற மூவகைப் புள்ளிகளைக் கடனாக வாங்க முடியாது. ஒவ்வொரு வகையிலும் மாதந்தோறும் அடிப்படையாக 3 புள்ளி, அரசரின் திறனுக்கேற்ப 0 முதல் 6 வரை, ஆலோசகரின் நிலைக்கேற்ப மேலும் சில புள்ளிகள் கிடைக்கும். நடுத்தர அரசர் ஒருவருக்குத் திறன் 3 என்றும் ஆலோசகர் முதல் நிலையினர் என்றும் கொண்டால் மாதத்துக்கு 7, ஆண்டுக்கு 84. ஒரு தொழில்நுட்ப நிலையின் அடிப்படை விலை 600 என்பதால், வேறு எதற்கும் செலவழிக்காவிட்டாலும் ஒரு நிலை ஏற ஏழு ஆண்டுக்கு மேலாகும். இந்தக் கணக்கு மனத்தில் பதிந்துவிட்டால், எதற்கு எவ்வளவு செலவழிக்கலாம் என்பது தானாகவே விளங்கும்.

மனிதர்களோடு ஆடும்போது இராணுவத் தொழில்நுட்பத்தில் பின்தங்கவே கூடாது. ஒரு நிலை முந்தியவர் அந்த இடைவெளி மூடும் முன் போர் தொடுப்பார். அனுபவமுள்ள ஆட்டக்காரர்கள் இதற்காகவே உங்கள் நிலையை அவ்வப்போது பார்த்துக்கொண்டிருப்பார்கள். நிர்வாகப் புள்ளியை விழுங்குவது கைப்பற்றிய மாகாணங்களைக் கோர் (நாட்டுக்கு முழு உரிமையுள்ள நிலம்) ஆக்கும் பணி. கோர் ஆகாத நிலம் கூடிக்கொண்டே போய் ஓவர்எக்ஸ்டென்ஷன் (தாங்கும் அளவை மீறிய விரிவைக் காட்டும் எண்) 100 விழுக்காட்டைத் தாண்டினால் கலகங்களும் கேடான நிகழ்வுகளும் வரிசையாக வரும். அந்த நேரம் பார்த்துத்தான் பக்கத்து நாட்டவரும் வருவார். விழுங்கியதைச் செரித்த பிறகே அடுத்த வாயை எடுங்கள். மேலும், எந்த வகையிலும் 999க்கு மேல் சேமிக்க முடியாது என்பதால், ஒரு போரில் மூழ்கிப் புள்ளிகளை வீணாக வழியவிடாதீர்கள்.

படி 5: பணமும் படையும்

அமைதிக் காலத்தில் படைப் பராமரிப்பைக் குறைத்தும், கோட்டைகளை முடக்கியும் பணம் சேமிப்பது தனி ஆட்டத்துப் பழக்கம். மனித அண்டையர் இருக்கும் எல்லையில் இதைச் செய்யாதீர்கள். பராமரிப்பைக் குறைத்தால் படையின் மனவுறுதி சரியும். மீண்டும் உயர்த்தினாலும் அது மாதம் மாதமாகத்தான் ஏறும். அதற்குள் எதிரி உங்கள் தலைநகரை முற்றுகையிட்டிருப்பார். கணினி நாடுகளை ஒட்டிய கோட்டைகளை வேண்டுமானால் முடக்கிக்கொள்ளலாம்.

மனிதவளம் முற்றிலும் தீர்ந்தால், மீண்டும் நிரம்ப ஏறத்தாழ 10 ஆண்டுகள் ஆகும். ஆகவே வெற்றி பெற்ற போருக்குப் பிறகும் நீங்கள் பல ஆண்டுகள் பலவீனமாகவே இருப்பீர்கள் என்பதை நினைவில் வைத்து, அந்த எண்ணிக்கையை லெட்ஜரில் (நாடுகளின் புள்ளிவிவரப் பட்டியல்) மற்றவர்களும் பார்க்கிறார்கள் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

சண்டையிடும் இடத்தை நீங்களே தேர்ந்தெடுங்கள். பகடை எண் 0 முதல் 9 வரைதான் வரும். மலையில் தாக்குபவருக்கு அதில் 2 குறையும், ஆற்றைக் கடந்து தாக்கினால் மேலும் 1 குறையும். எனவே மலை மாகாணத்தில் ஒரு கோட்டையைக் கட்டி அதன் அருகே காத்திருக்கும் சிறிய படை, சமவெளியில் பாய்ந்து தாக்கும் பெரிய படையைவிடப் பயனுள்ளது. பீரங்கிகள் கிடைத்த பின், அவற்றை முன்வரிசைக்கு வரவிடாமல் மறைக்கும் அளவுக்குக் காலாட்படை இருக்கிறதா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

படி 6: மனிதர்களோடு பேசுதல்

கணினி நாடுகளுக்கு ஒரு வரம்பு இருக்கிறது: உங்கள்மீது அவற்றுக்குள்ள அக்ரெசிவ் எக்ஸ்பேன்ஷன் (நிலம் பிடிப்பதால் எழும் பகைமையின் அளவு) 50ஐத் தாண்டினால் கூட்டணி சேர்ந்து எதிர்க்கும். மனிதர்களின் அச்சத்துக்கு அப்படி எண் எதுவும் கிடையாது. ஒரே பத்தாண்டில் இரண்டு பெரிய போர்களை வென்றவரைப் பற்றிப் பிறர் தனியறையில் பேசத் தொடங்குவார்கள். அதற்கு முன்பே நீங்கள் போய்ப் பேசுங்கள். இந்த ஆற்றைத் தாண்டி வரமாட்டேன், இந்தத் துறைமுகம் உங்களுக்கே என்று திட்டமான எல்லைகளைச் சொல்லுங்கள். பொதுவான நட்பு வார்த்தைகளைவிட மாகாணத்தின் பெயர் சொல்லிச் செய்த ஒப்பந்தமே நிற்கும்.

கூட்டணியைப் பட்டியலுக்காகச் சேர்க்காதீர்கள். உறவுகளின் எண்ணிக்கை அடிப்படை வரம்பான 4ஐத் தாண்டினால் அரசுறவுப் புள்ளிகள் மாதந்தோறும் கரையும். எல்லையைப் பகிராத, ஆனால் உங்கள் எதிரிக்கு மறுபக்கம் அமர்ந்திருக்கும் ஒருவரே சிறந்த கூட்டாளி. அவருக்கு உங்கள் நிலத்தின்மேல் ஆசை வருவதற்குக் காரணமே இருக்காது.

தோல்வி உறுதியாகிவிட்டால், கடைசி மாகாணம் வரை போராடி நாட்டைச் சூறையாட விடாமல், எதிரியின் போர் மதிப்பெண் (போரில் யார் எவ்வளவு முந்தியிருக்கிறார் என்ற அளவு) குறைவாக இருக்கும்போதே சிறு நிலத்தைக் கொடுத்துச் சமாதானம் செய்யுங்கள். சமாதானத்தோடு குறைந்தது 5 ஆண்டு போர்நிறுத்தம் கிடைக்கும். அது புதியவருக்குப் பெரிய சொத்து.

படி 7: ஒரு நாள் அமர்வை முடிக்கும்போது

நீங்கள் வெளியேறியதும் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தால், உங்கள் நாட்டைக் கணினி எடுத்துக்கொண்டு தன் போக்கில் போர்களில் சேரும், பணத்தைச் செலவழிக்கும். அவசரமாகப் போக வேண்டியிருந்தால் ஹோஸ்டிடம் நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள், அல்லது மாற்று ஆட்டக்காரரை அமர்த்துங்கள். சேவ் ஃபைலின் ஒரு பிரதியை ஹோஸ்ட் தவிர இன்னொருவரும் வைத்திருப்பது நல்லது. எந்தப் போர்நிறுத்தம் எந்த ஆண்டில் முடிகிறது, யாரிடம் என்ன வாக்குக் கொடுத்திருக்கிறீர்கள், அடுத்த தொழில்நுட்ப நிலைக்கு இன்னும் எத்தனை புள்ளி வேண்டும் என்ற மூன்றையும் குறித்து வைத்துக்கொண்டால், அடுத்த வாரம் திரை திறந்ததும் முதல் பத்து நிமிடங்களை எங்கே விட்டோம் என்று தேடுவதில் செலவழிக்க வேண்டியிருக்காது.