ஒல்லியான பிள்ளைக்கு ஏன் இவ்வளவு கொலஸ்ட்ரால்? காரணத்தைத் தேடும் வழி

என் தம்பியின் எடை 56 கிலோ, உயரம் ஐந்தடி எட்டங்குலம். 26 வயதில், வேலைக்குச் சேரும் முன் கேட்ட பரிசோதனையில் அவனுக்கு மொத்தக் கொலஸ்ட்ரால் 305 வந்தது. ரத்தம் எடுத்தவள் நான்தான். மன்னார்குடியில் ஒரு லேபில் பதினாறு வருடமாக வேலை பார்க்கிறேன். மெஷினில் ஏதோ கோளாறு என்று நினைத்து, அளவு முன்பே தெரிந்த கன்ட்ரோல் திரவத்தைப் போட்டுச் சரிபார்த்துவிட்டு, அதே சீரத்தை (ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த தெளிந்த நீரை) மறுபடி ஓட்டினேன். 303.

"தட்டுல போட்டதையே மிச்சம் வைக்கிறான், இவனுக்கு எங்கேருந்து கொழுப்பு?" என்று அம்மா கேட்டார். இதே கேள்வியோடு எங்கள் லேப் ஜன்னலுக்கு வருபவர்கள் நிறையப் பேர். பெரும்பாலும் கூட வந்த அம்மாதான் கேட்பார். அவர்களிடம் நான் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். ரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியை நம் உடம்பே தயாரிக்கிறது, அதிலும் முக்கியமாகக் கல்லீரல். கொலஸ்ட்ராலைச் சுமந்து செல்லும் எல்டிஎல் என்ற துகள்களை ரத்தத்திலிருந்து பிடித்து உள்ளே இழுப்பதும் கல்லீரல்தான். அதற்கென்று அதன் செல்களின் மேல் கொக்கி மாதிரி ஏற்பிகள் உண்டு. இதைக் கண்டறிந்த பிரௌனுக்கும் கோல்ட்ஸ்டைனுக்கும் 1985இல் நோபல் பரிசு கிடைத்தது. கொக்கி குறைவாகப் பிறந்தவருக்கு எல்டிஎல் ரத்தத்திலேயே தங்கிவிடும். அவர் ஒல்லியா பருமனா என்பது அந்தக் கொக்கிக்குத் தெரியாது.

சரி, ரிப்போர்ட்டைக் கையில் எடுங்கள். மொத்த எண்ணைப் பார்த்துப் பயப்படுவதில் பயனில்லை, அதைப் பிரித்துப் பாருங்கள். தம்பிக்கு மொத்தம் 305, எச்டிஎல் (நல்ல கொலஸ்ட்ரால் என்பார்கள்) 46, டிரைகிளிசரைடு (ரத்தத்தில் ஓடும் இன்னொரு வகைக் கொழுப்பு) 120. டிரைகிளிசரைடை ஐந்தால் வகுத்தால் 24. 305இலிருந்து 46ஐயும் 24ஐயும் கழித்தால் 235. அதுதான் எல்டிஎல். பல லேப்களில் எல்டிஎல்லை இப்படிக் கணக்கிட்டுத்தான் எழுதுகிறோம். டிரைகிளிசரைடு 400ஐத் தாண்டினால் இந்தக் கணக்கு செல்லாது. அப்போது எல்டிஎல்லை நேரடியாக அளக்கச் சொல்லிக் கேளுங்கள்.

எது ஏறியிருக்கிறது என்பதை வைத்துத்தான் தேட வேண்டிய இடம் மாறும். சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி எடுத்த குழாயிலேயே சில சமயம் அது தெரியும். டிரைகிளிசரைடு மிக அதிகமாக இருந்தால் சீரம் பால் கலந்த மாதிரி கலங்கி நிற்கும். தம்பியின் சீரமோ நல்லெண்ணெய் போலத் தெளிவாக இருந்தது. எல்டிஎல் எவ்வளவு ஏறினாலும் சீரம் கலங்காது.

டிரைகிளிசரைடு ஏறி, எச்டிஎல் குறைந்திருந்தால் ஓர் அளவு டேப்பை எடுத்து வயிற்றைச் சுற்றி, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் பிடித்து அளங்கள். கை கால் குச்சியாக இருந்தும் வயிறு மட்டும் லேசாகத் தள்ளியிருக்கும் பிள்ளைகள் நம்மிடம் அதிகம். ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. என்பது இந்தியர்களுக்கான எல்லை. அதைத் தொட்டுவிட்டால், எடை சரியாக இருந்தாலும் கொழுப்பு உள்ளே சேர்கிறது. இங்கே முதலில் கைவைக்க வேண்டியது சோற்றின் அளவு, சர்க்கரை போட்ட பானங்கள், மது ஆகியவற்றில். கூடவே சர்க்கரைப் பரிசோதனையும் செய்துவிடுங்கள்.

எல்டிஎல் மட்டும் தனியாக ஏறி நின்றால் கதை வேறு. இனி எழுதுவது அதைப் பற்றி.

சில வாரம் கழித்து இன்னொரு முறை ரத்தம் கொடுங்கள். காய்ச்சலில் படுத்து எழுந்த உடனே வேண்டாம், அப்போது எண் பொய்யாகக் குறையும். கர்ப்பத்தில் இயல்பாகவே ஏறும். அதே ஊசியில் டிஎஸ்எச் என்ற தைராய்டு பரிசோதனையும் பார்க்கச் சொல்லுங்கள். தைராய்டு மந்தமாக இருந்தால் எல்டிஎல் ஏறும், தைராய்டு மாத்திரை எடுத்துச் சில மாதங்களில் தானே இறங்கும். தைராய்டு குறைந்தால் குண்டாகத்தான் ஆவார்கள் என்று நினைத்து அதைப் பார்க்காமலே விடுகிறார்கள். அப்புறம் சிறுநீரில் புரதம், கல்லீரல் பரிசோதனை. காலையில் முகம் வீங்குகிறது, சிறுநீர் நுரைத்துப் போகிறது என்றால் இதைத் தள்ளிப்போடவே கூடாது.

சாப்பிடும் மருந்துகளையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். முகப்பருவுக்குக் கொடுக்கும் ஐசோட்ரெட்டினாயின், ஸ்டீராய்டு மாத்திரை, ஜிம்மில் யாரோ போட்டுவிடும் ஊசி எல்லாமே கொழுப்பின் அளவை மாற்றும். அந்த ஊசியைப் பற்றி அம்மா முன்னால் எந்தப் பையனும் வாய் திறக்க மாட்டான். நான் அவனைத் தனியாகக் கூப்பிட்டுத்தான் கேட்பேன்.

இதெல்லாம் சரியாக இருந்தால், குடும்பத்துக்கு வாருங்கள். ஒல்லியான இளைஞருக்கு எல்டிஎல் 190ஐத் தாண்டினால் எனக்கு முதலில் தோன்றுவது இதுதான். ஒரு தாளில் அப்பா வழி, அம்மா வழி என்று இரண்டு பக்கமும் எழுதுங்கள். யாருக்கு எந்த வயதில் மாரடைப்பு, பைபாஸ், ஸ்டென்ட், திடீர் மரணம்? ஆணுக்கு 55க்கு முன், பெண்ணுக்கு 65க்கு முன் என்றால் வட்டம் போடுங்கள். எங்கள் அப்பா 47 வயதில், வயலிலிருந்து வந்து திண்ணையில் உட்கார்ந்தவர் எழவில்லை. "வாயுப் பிடிப்பு" என்றார்கள். இருபது வருடம் நாங்களும் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தோம். தாளில் எழுதிய அன்றுதான் தாத்தாவும் ஐம்பதைத் தாண்டவில்லை என்பது உறைத்தது. "தூக்கத்திலேயே போய்விட்டார்", "வெயில் தாங்கவில்லை" என்று உங்கள் வீட்டிலும் சொல்வார்கள். வயதை மட்டும் விடாமல் கேட்டு வாங்குங்கள்.

பரம்பரையாக வரும் இந்த அதிக கொலஸ்ட்ரால் அபூர்வமான ஒன்றல்ல. உலக அளவில் ஏறக்குறைய 250 முதல் 300 பேரில் ஒருவருக்கு உண்டு. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு.

இப்போது குதிகாலுக்கு மேலே இருக்கும் தடித்த நரம்பைத் தொட்டுப் பாருங்கள். நரம்பு என்று நாம் சொன்னாலும் அது தசைநாண். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து மேலிருந்து கீழே உருட்டுங்கள். என்னுடையது வார் மாதிரி சீராகப் போகிறது. தம்பியுடையது நடுவில் தடித்து, சின்னப் புளியங்கொட்டை புதைந்த மாதிரி மேடு தட்டியது. செருப்பு கடித்துக் காய்த்துப்போனது என்று அவன் நினைத்திருந்தான். அது கொலஸ்ட்ரால் படிவு. கை முட்டிகளிலும் வரும். கருவிழியைச் சுற்றி வெள்ளை வளையம் 45 வயதுக்கு முன்பே தெரிந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றுமே இல்லாவிட்டாலும் நோய் இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இளம் வயதில் பலருக்கு எதுவும் வெளியே தெரியாது.

சாப்பாட்டைக் கடைசியில் வைத்தது வேண்டுமென்றேதான். தேங்காய் எண்ணெய், நெய், பாமாயில், வனஸ்பதி போட்ட பரோட்டா, பேக்கரி பப்ஸ் எல்லாம் எல்டிஎல்லை ஏற்றும், குறைத்தே ஆக வேண்டும். ஆனால் சாப்பாட்டால் மட்டும் 235 வருவது அரிது. ஒரு விதிவிலக்கு உண்டு. பேலியோ, கீட்டோ என்று சோற்றை அறவே நிறுத்தி, வெண்ணெயும் கறியுமாகச் சாப்பிடும் ஒல்லியானவர்கள் சிலருக்கு எல்டிஎல் 200ஐத் தாண்டிப் போகிறது. அப்படிச் சாப்பிடுபவர் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

தம்பியை முதலில் காட்டிய இடத்தில் "ஒல்லியாத்தானே இருக்கார், எண்ணெயைக் குறைங்க" என்று அனுப்பிவிட்டார்கள். எட்டு மாதம் வீணாய்ப் போனது. எண்ணெயைக் குறைத்து, ஆளும் இரண்டு கிலோ இளைத்து, எல்டிஎல் 235இலிருந்து 221க்குத்தான் வந்தது. அந்த இரண்டு ரிப்போர்ட், தைராய்டு ரிப்போர்ட், வட்டம் போட்ட தாள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு தஞ்சாவூரில் ஓர் இதயநோய் மருத்துவரைப் பார்த்தோம். அவர் தாளைப் படித்துவிட்டு, முதல் வேலையாகத் தம்பியின் சாக்ஸைக் கழற்றச் சொன்னார். லிப்போபுரோட்டீன் ஏ என்ற, எல்டிஎல் போன்ற இன்னொரு துகளுக்கான பரிசோதனையையும் எழுதினார். அதுவும் பிறப்பிலேயே அமைவது, வாழ்நாளில் ஒருமுறை பார்த்தால் பெரும்பாலும் போதும். கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை தொடங்கி மூன்றாவது மாதம் எல்டிஎல் 109. அவன் மாத்திரை பார்த்து நீங்களாக வாங்கிப் போடாதீர்கள், அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

ஒருவருக்குக் கண்டுபிடித்தால் கூடப்பிறந்தவர், பிள்ளைகள், அத்தை, சித்தப்பா எல்லோருக்கும் ரத்தம் பாருங்கள். இந்திய இதயநோய் மருத்துவர் சங்கத்தின் 2024 வழிகாட்டுதல், எல்லோருக்குமே முதல் பரிசோதனை 18 வயதில் என்கிறது. இப்படிப்பட்ட குடும்பத்தில் அதற்கும் முன்பே பார்க்க வேண்டும். எனக்கு எல்டிஎல் 104தான் இருந்தது. அத்தைக்கு 212, ஈர்க்குச்சி மாதிரி இருக்கும் அத்தை மகனுக்கு 201. அத்தையின் மகளுக்கும் ஏறியிருக்கிறது. அவளுடைய பெண்ணுக்கு எட்டு வயது, ஊசி என்றால் அழுவாள். அரைப்பரீட்சை லீவில் கூட்டி வரச் சொல்லியிருக்கிறேன். சின்னப் பட்டர்ஃப்ளை ஊசி ஒன்றைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.