கடலோடிய பூட்டனைத் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் பூட்டனைப் பற்றி வீட்டில் இருந்த தகவல் இவ்வளவுதான்: கப்பலில் போனவர், சிட்னியில் மறியலில், அதாவது சிறையில், இருந்தவர். பெரிய மாமி இதைச் சொல்லும்போது மறியல் என்ற இடத்தில் குரலைத் தாழ்த்துவார். கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்களைப் போலத் துறைமுகத்தை ஒட்டி வாழும் பல குடும்பங்களில் இப்படி ஒரு கதை இருக்கும். அதைத் தேடிப் போகிறவர்கள் நான் விழுந்த குழிகளில் விழ வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

மறியல் என்றதும் களவு, கத்திக்குத்து என்று நினைத்துவிடாதீர்கள். 1854ஆம் ஆண்டின் பிரித்தானிய வணிகக் கப்பல் சட்டப்படி, கப்பலை விட்டு ஓடிய மாலுமிக்கு 12 வாரம் வரை சிறை. மேலதிகாரி சொன்ன வேலையைச் செய்ய மறுத்தாலே 4 வாரம் வரை உள்ளே போடலாம். சோறு போதாது, சம்பளம் வரவில்லை என்று வேலையை நிறுத்தியவர்களும் இந்தச் சட்டத்தில் மாட்டினார்கள். குற்ற வழக்குகளை மட்டும் புரட்டினால் உங்கள் ஆள் கிடைக்காமலே போகலாம்.

அடுத்தது பெயர். இதில்தான் எனக்கு அதிக காலம் வீணானது. வீட்டில் நாம் எழுதுகிற ஆங்கில எழுத்துக்கூட்டலை வைத்துத் தேடினேன், ஒன்றும் வரவில்லை. அந்தப் பெயரை எழுதியவர் தமிழ் தெரியாத ஒரு எழுதுவினைஞர். காதில் விழுந்ததை எழுதினார். சின்னத்தம்பி ஓரிடத்தில் எஸ் எழுத்தில் தொடங்குவார், இன்னோரிடத்தில் சி எழுத்தில். பிள்ளை பழைய இலங்கைப் பதிவுகளில் 'புல்லே' ஆகிவிடும். காதர் கே எழுத்திலும் வருவார், சி எழுத்திலும் வருவார். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, ஆனால் படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் உண்டு. அதில் தகப்பன் பெயரைப் போட்டிருப்பார்கள், அல்லது பெயரையே இரண்டாக வெட்டியிருப்பார்கள். சில வேளை தொழிலே பெயராகிவிடும். தோணியை நடத்தும் நம் தண்டையல்தான் ஆங்கிலப் பதிவில் 'டிண்டல்'. பெயருக்கு முன்னால் அதைக் கண்டால் ஆளின் பெயர் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பெர்னாண்டோ, ரொட்ரிகோ என்று வந்தால் சிங்களவர் என்று ஒதுக்கிவிடவும் கூடாது. தூத்துக்குடியிலிருந்து தோணியில் கொழும்புக்கு வந்துபோன பரதவர்களுக்கும் இதே பெயர்கள்தான்.

அப்புறம், 'தமிழர்' என்று தேடினால் ஏமாற்றம்தான். பிரித்தானியர் ஆட்சியின் முற்பகுதியில் இங்கே நம்மை 'மலபார்' என்றே எழுதினார்கள். தமிழ் பேசும் முஸ்லிம்கள் 'மூர்' என்று தனியாக வருவார்கள்.

ஆளைத் தேடுவதை நிறுத்திவிட்டுக் கப்பலைத் தேடத் தொடங்கியபோதுதான் எனக்கு வழி திறந்தது. 1855 முதல் பிரித்தானியப் பதிவுக் கப்பல் ஒவ்வொன்றுக்கும் ஓர் அதிகாரபூர்வ எண் உண்டு. கப்பலின் பெயர் மாறினாலும் எண் மாறாது. ஒரே பெயரில் பத்துக் கப்பல் இருக்கும் என்பதால் எண் இல்லாமல் இறங்காதீர்கள். 1861க்குப் பிந்திய மாலுமிப் பட்டியல்கள் எல்லாம் இலண்டனில் இருக்கும் என்று நம்புவதும் தவறு. பெரும்பகுதி, ஏறக்குறைய 70 வீதம், கனடாவின் நியூபவுண்ட்லாந்தில் உள்ள மெமோரியல் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. ஐந்தில் முடியும் ஆண்டுகளின் பட்டியல்கள் கிரீனிச் கடல்சார் அருங்காட்சியகத்தில். அவற்றில் 1915ஆம் ஆண்டினுடையதை இணையத்தில் பெயர் கொடுத்தே தேடலாம்.

கொழும்பிலேயே மறியலில் இருந்தவர் என்றால் வெலிக்கடைச் சிறை 1841இல் கட்டப்பட்டது, அதற்கு முந்திய ஆண்டுக்கு அங்கே தேடிப் பயனில்லை. அரசாங்கம் ஆண்டுதோறும் தொகுத்த நீலப் புத்தகங்களில் சிறைகளைப் பற்றி வரும், ஆனால் வெறும் எண்ணிக்கைதான், பெயர்கள் இல்லை. நான் இரண்டு நாள் அதில் செலவழித்தேன். கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்துக்குப் போகும்போது ஆண்டையும் ஊரையும் முதலில் தீர்மானித்துக்கொண்டு போங்கள். ஊர் என்றால் கொழும்பு மட்டும் அல்ல. 1875இல் அடிக்கல் நாட்டிய கொழும்புத் துறைமுக அலைதடுப்புச் சுவர் 1880களில் முடியும்வரை பெரிய நீராவிக் கப்பல்கள் காலித் துறைமுகத்தில்தான் தங்கின. 1870இல் நீராவிக் கப்பலில் சேர்ந்தவரைக் கொழும்பில் தேடினால் எப்படிக் கிடைப்பார்?

வீட்டுக் கொப்பியில் தமிழ் வருஷம் எழுதியிருந்தால் அவசரப்படாதீர்கள். விக்கிரம வருஷம் 1880இலும் வந்தது, 1940இலும் வந்தது. அறுபது ஆண்டு தள்ளிப் போய், யுத்தகாலக் கப்பல்களில் தன் ஆளைத் தேடிக்கொண்டிருந்தார் ஒரு நண்பர்.

கடைசியாக, சிட்னி இருக்கும் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் சிறைகளின் அடையாளப் பதிவேடுகள். கடலோடிகளைத் தேடுகிறவர்களுக்கு இதைவிட நல்லது நான் பார்க்கவில்லை. பிறந்த இடம், வயது, உயரம், தழும்பு, வந்த கப்பல், வந்த ஆண்டு எல்லாம் வரிசையாக இருக்கும். இங்கேயும் இரண்டு தவறு நடக்கும். அந்தக் கப்பல், அவர் அந்த நாட்டுக்கு வந்து சேர்ந்த கப்பல். பிடிபட்டபோது வேலை செய்த கப்பல் வேறாக இருக்கலாம். மற்றது, நம் ஆளின் வரியை மட்டும் வெட்டி எடுத்து வைப்பது. நானும் அப்படித்தான் வைத்திருந்தேன். இடது பெருவிரலில் தழும்பு என்று இருந்த அந்த ஒரு வரியைப் பல மாதம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் முழுப் பக்கத்தையும் திறந்தேன். அவருக்கு மேலே ஒருவர், கீழே ஒருவர். மூன்று பேருக்கும் ஒரே நாள், ஒரே கப்பல், ஒரே குற்றம்: வேலை செய்ய மறுத்தது.

படத்தைப் பெரிதாக்கி மாமிக்குக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு, குரல் தாழாமல், "மற்ற ரெண்டு பேரும் எந்த ஊர் ஆக்கள்?" என்று கேட்டார். ஒருவருக்கு 'சிலோன்' என்றும் மற்றவருக்கு 'மெட்ராஸ்' என்றும் மட்டும் எழுதியிருக்கிறது. இப்போது அவர்கள் இருவரையும் தேடிக்கொண்டிருக்கிறேன்.