பழைய காருக்குக் குளிர்காற்று இன்டேக்: அளந்துவிட்டு வெட்டுங்கள்

பழைய காரில் எதையாவது மாற்றிப் பார்க்கலாம் என்று கை பரபரக்கும்போது முதலில் கண்ணில் படுவது ஏர் ஃபில்டர் பெட்டிதான். கிளிப்பைத் தட்டினால் கழன்றுவிடும். அந்த இடத்தில் ஒரு கூம்பு ஃபில்டரை மாட்டிவிட்டால் இன்ஜின் உறுமும், உறுமல் கேட்டதும் வண்டி பறப்பது போலவே தோன்றும். ஆனால் அந்தக் கூம்பு குடிப்பது ரேடியேட்டரும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் (இன்ஜினிலிருந்து புகை வெளியேறும் குழாய்) சுட வைத்த பானட்டுக்குள் இருக்கும் காற்றை. சத்தம் கூடும், பவர் குறையும். காசு கொடுத்து வாங்கியதால் யாரும் அதை ஒப்புக்கொள்வதில்லை.

இந்தச் செய்முறைக்கு மாருதி எஸ்டீமை எடுத்துக்கொள்கிறேன். 1994-ல் வந்து 2007 வரை ஓடிய மாடல். 1298 சிசி, பின்னாளில் வந்த 16 வால்வு எம்.பி.எஃப்.ஐ. (சிலிண்டர் ஒவ்வொன்றுக்கும் தனியாகப் பெட்ரோல் பீய்ச்சும்) இன்ஜின் 85 பிஎச்பி தரும். எடை குறைந்த வண்டி, இருங்காட்டுக்கோட்டையிலும் கோவை கரி ஸ்பீட்வேயிலும் ரேஸில் நிறைய ஓடியிருக்கிறது. உங்களிடம் இருப்பது ஜென்னோ பலேனோவோ பழைய ஹோண்டா சிட்டியோ என்றாலும் முறை இதேதான், எண்களை மட்டும் உங்கள் இன்ஜினுக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

தொடங்கும் முன் கொஞ்சம் கணக்கு

இன்ஜினுக்குப் போகும் காற்றை இரண்டு விஷயங்கள் திருடுகின்றன: வழியில் உள்ள அடைப்பு, சூடு. எது எவ்வளவு திருடுகிறது என்று தெரியாமல் பைப் வாங்கக் கிளம்பக் கூடாது.

அடைப்பைத் தண்ணீர் மட்டத்தால் அளப்போம். வளிமண்டல அழுத்தம் ஏறக்குறைய 1033 செ.மீ. உயரத் தண்ணீருக்குச் சமம். ஆக, இன்டேக் வழியில், அதாவது இன்ஜினுக்குக் காற்று போகும் பாதையில், 10 செ.மீ. தண்ணீர் அளவுக்கு அழுத்தம் விழுந்தால் காற்றில் சுமார் 1 சதவீதம் போச்சு.

சூடு அப்படியில்லை. நம் ஊர் வெப்பநிலையில் 3 டிகிரி ஏறினாலே காற்றின் அடர்த்தி 1 சதவீதம் இறங்கிவிடும். வெளியே 35 டிகிரி, பானட்டுக்குள் 60 டிகிரி என்று வைத்துக்கொண்டால் இழப்பு ஏழரை சதவீதம். அடைப்பு ஒன்றாலேயே இவ்வளவு இழக்க வேண்டுமென்றால் 75 செ.மீ.க்கு மேல் தண்ணீர் ஏற வேண்டும். கம்பெனி போட்ட பெட்டி அவ்வளவு மோசமாக இருந்தால், உள்ளே எலி கூடு கட்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

உள்ளே போகும் காற்றை இன்டேக் மேனிஃபோல்ட் (காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரிக்கும் குழாய்) சுவரும் வால்வும் எப்படியும் கொஞ்சம் சுட வைக்கும் என்பதால் இந்த ஏழரை அப்படியே கைக்கு வராது. இருந்தாலும் நாம் கை வைக்க வேண்டிய இடம் எது என்பதில் சந்தேகம் இல்லை.

படி 1: எந்த சென்சார் என்று பாருங்கள்

ஃபில்டர் பெட்டிக்கும் த்ராட்டில் பாடிக்கும் (ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் திறக்கும் தட்டு உள்ள பகுதி) நடுவில், பைப்பிலேயே வயர் சொருகிய சென்சார் ஒன்று உட்கார்ந்திருந்தால் அது பெரும்பாலும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார், உள்ளே போகும் காற்றின் அளவை அளப்பது. அந்தப் பகுதியின் விட்டத்தை மாற்றாதீர்கள். விட்டம் மாறினால் சென்சார் தப்பான கணக்குச் சொல்லும், பெட்ரோல் அளவும் தப்பும். மேனிஃபோல்டிலிருந்து ஒரு சின்ன வேக்குவம் ஹோஸ் போய்ச் சேரும் டப்பா இருந்தால் அது மேப் சென்சார், மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளப்பது. மேப் வண்டியில் பைப் அளவை மாற்றுவதில் சுதந்திரம் அதிகம். ஆனால் அங்கும் காற்றின் வெப்பநிலையைப் பார்க்க ஒரு குட்டி சென்சார் தனியாகப் பெட்டியிலோ ஹோஸிலோ இருக்கும். மேப் சென்சாரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது இருக்கும் இடத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: மனோமீட்டர் கட்டி அளக்க வேண்டும்

மனோமீட்டர் என்பது அழுத்தத்தைத் தண்ணீர் மட்டத்தால் காட்டும் ட்யூப். இந்த வேலையில் எனக்குப் பிடித்த கட்டம் இதுதான். செலவு ஒரு பிரியாணிக்குள் முடியும்.

ஹார்டுவேர் கடையில் 6 மி.மீ. கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் ட்யூப் நான்கைந்து மீட்டர் வாங்குங்கள். ஒரு பலகையில் அதை ‘ப’ வடிவத்தில் வளைத்துக் கட்டுங்கள். இரண்டு கால்களும் தலா முக்கால் மீட்டராவது இருக்கட்டும். நடுவில் டெய்லர் டேப்பை ஒட்டி, பாதி உயரத்துக்குச் சாயத் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு கால் திறந்தே இருக்கும். மறு காலின் மீதி ட்யூப் ஜன்னல் வழியாக பானட்டுக்குள் போகும்.

அளக்க வேண்டிய இடங்கள் மூன்று: ஃபில்டருக்கு முன்னால், ஃபில்டருக்குப் பின்னால், த்ராட்டில் பாடிக்குச் சற்று முன்னால். ஒவ்வொன்றிலும் சின்னத் துளை போட்டு, மீன் தொட்டிக்கு வாங்கும் ட்யூப் கனெக்டரைச் சொருகி சீலன்ட் வையுங்கள். த்ராட்டில் தட்டுக்குப் பின்னால் மட்டும் எந்தக் காரணம் கொண்டும் இணைக்காதீர்கள். அங்கே இருப்பது மேனிஃபோல்ட் வேக்குவம். ட்யூபில் உள்ள தண்ணீர் மொத்தத்தையும் இன்ஜின் ஒரே மடக்கில் குடித்துவிடும்.

காலி ரோட்டில், இரண்டாம் கியரில், ஆக்ஸிலரேட்டரை முழுதாக அழுத்தி 5500 ஆர்.பி.எம். வரை போங்கள். எஸ்டீமில் இது எண்பது கிலோமீட்டர் வேகத்துக்குள் முடிந்துவிடும். ஓட்டுபவர் பலகையைப் பார்க்கவே கூடாது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நண்பர் உச்ச நேரத்தில் ட்யூபை விரலால் மடக்கிப் பிடித்தால் தண்ணீர் மட்டம் அப்படியே நிற்கும். ஓரமாக நிறுத்தி நிதானமாகப் படிக்கலாம். எண் என்பது இரண்டு கால்களின் மட்டத்துக்கும் உள்ள வித்தியாசம்.

உதாரணத்துக்கு ஃபில்டருக்கு முன் 20, ஃபில்டருக்குப் பின் 27, த்ராட்டில் அருகே 36 செ.மீ. என்று வந்தால் என்ன பொருள்? காற்று நுழையும் வாய்ப் பைப் மட்டும் 20 தின்கிறது, ஃபில்டர் 7, ரப்பர் ஹோஸ் 9. ஃபில்டரை மாற்றினால் அந்த 7-ல் ஒரு பங்கு மிச்சமாகும், அவ்வளவுதான். விலை உயர்ந்த ஃபில்டருக்குப் பணம் எடுத்து வைத்தவர்கள் இந்த இடத்தில் அதைத் திரும்பப் பையில் போட்டுக்கொள்ளலாம்.

படி 3: சூட்டையும் அளந்துவிடுங்கள்

தெர்மோகப்பிள் வயரோடு வரும் மல்டிமீட்டர் போதும். வயர் நுனியைக் காற்று உள்ளே போகும் வாயில் டேப் போட்டு ஒட்டுங்கள். வெளிக்காற்றை அளக்க, பிறகு அதையே பக்கக் கண்ணாடிக்குக் கீழே நிழலில் ஒட்டுங்கள். சீராக 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது ஒரு எண், சிக்னலில் ஐந்து நிமிடம் நின்ற பிறகு ஒரு எண். போகும்போது வாயில் உள்ள காற்றுக்கும் வெளிக்காற்றுக்கும் வித்தியாசம் நான்கைந்து டிகிரிக்குள் இருந்தால் கம்பெனிக்காரர்கள் வாயை நல்ல இடத்தில்தான் வைத்திருக்கிறார்கள். பெட்டியை அப்படியே விட்டு, வாய்ப் பைப்பை மட்டும் திருத்தினால் வேலை முடிந்தது.

படி 4: வாய் எங்கே இருக்க வேண்டும்

குளிர்ந்த காற்று கிடைப்பது ரேடியேட்டருக்கு முன்பக்கமோ, ஹெட்லைட்டுக்குப் பின்னால் உள்ள சந்திலோதான். சில கிட்கள் வாயைக் கீழே இறக்கி பம்பருக்குள் கொண்டுபோய் வைக்கின்றன. வறண்ட ஊருக்கு அது சரி. 2015 டிசம்பரில் சென்னையில் எத்தனை இன்ஜின்கள் தண்ணீர் குடித்து நின்றன என்பதைப் பார்த்த யாரும் அதை இங்கே செய்ய மாட்டார்கள். தண்ணீர் அமுங்காது. சிலிண்டருக்குள் புகுந்த தண்ணீரை பிஸ்டன் அழுத்தப் பார்த்தால் கனெக்டிங் ராடுதான் வளையும். கம்பெனி வைத்த உயரத்துக்குக் கீழே வாயை இறக்க வேண்டாம், ஒரு அங்குலம்கூட.

படி 5: பைப் அளவு

1298 சிசி இன்ஜின் 6000 ஆர்.பி.எம்.மில் சிலிண்டர் 85 சதவீதம் நிறைகிறது என்று வைத்தால் நொடிக்குச் சுமார் 55 லிட்டர் காற்று கேட்கும். 40 மி.மீ. பைப்பில் அந்தக் காற்று நொடிக்கு 44 மீட்டர் வேகத்தில் ஓட வேண்டும். 50 மி.மீ. என்றால் 28 மீட்டர், 60 என்றால் 20-க்குள். இழப்பு வேகத்தின் வர்க்கத்தில் கூடும் என்பதால் 40-லிருந்து 60-க்குப் போவது பெரிய லாபம்: வெட்டிய முனையோடு விட்ட குழாய் வாயில் 11 செ.மீ. வரை தின்றது, இரண்டரைக்குள் வந்துவிடும். 60-லிருந்து 75-க்குப் போனால் ஒன்றேகால் செ.மீ. மிச்சம், அதற்காக பேட்டரி ட்ரேயை அறுப்பவர்களை நான் தடுப்பதில்லை, உதவியும் செய்வதில்லை.

அதைவிட முக்கியம், பைப்பின் வாய் விளிம்பு நாதஸ்வர அணசு போல வெளிப்பக்கம் விரிந்து உருண்டிருக்க வேண்டும். நேராக வெட்டிய முனையில் காற்று ஓரத்தில் சுழன்று உள்வழியைக் குறுக்கிவிடும். 60 மி.மீ. பைப்புக்கு 15 மி.மீ. ஆர அளவில் உருண்ட விளிம்பு இருந்தால் வாயில் ஏற்படும் இழப்பு கிட்டத்தட்ட இல்லாமலே போகும். லேத் பட்டறையில் அலுமினியத்தில் கடைந்து தருவார்கள்.

படி 6: அட்டையில் முதலில்

நல்ல பெட்டியை வெட்டாதீர்கள். சென்னை புதுப்பேட்டையில் அதே மாடலுக்குப் பழைய பெட்டி கிடைக்கும், அதை வாங்கி அறுங்கள். பிடிக்கவில்லை என்றால் ஒரிஜினலைத் திரும்ப மாட்டிக்கொள்ளலாம்.

புதுப்பெட்டி கட்டுவதானால் பார்சல் அட்டையை வெட்டி, டேப் போட்டு பானட்டுக்குள் உட்கார வைத்துப் பாருங்கள். பானட் மூடுகிறதா? மேல் விளிம்பில் களிமண் உருண்டைகளை வைத்து மூடித் திறந்தால் எவ்வளவு இடைவெளி என்பது நசுங்கலில் தெரிந்துவிடும். பிறகு இன்ஜினை ஆன் செய்து, ஹேண்ட்பிரேக் போட்டு, ஒருவர் ஆக்ஸிலரேட்டரை உதைக்க இன்னொருவர் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். இன்ஜின் மவுன்டிங்கில் எவ்வளவு ஆடுகிறது என்று அப்போதுதான் தெரியும். கம்பெனி ஹோஸில் இருக்கும் சுருக்கங்கள் இந்த ஆட்டத்துக்காகத்தான். முழுக்க இரும்பு மாதிரி விறைத்த பைப் போட்டால் ஒன்று பெட்டி விரிசல் விடும், இல்லை கிளாம்ப் கழன்று ஃபில்டரைத் தாண்டித் தூசிக் காற்று உள்ளே போகும். குறைந்தது ஒரு இடத்திலாவது சிலிகான் ஹோஸ் துண்டு வேண்டும்.

படி 7: பொருள்

பெட்டிக்கு 1.5 மி.மீ. அலுமினியத் தகடு, பைப்புக்கு அலுமினிய ட்யூப். வீட்டுக் குழாய்க்கான பி.வி.சி. 75 டிகிரி வாக்கில் இளக ஆரம்பிக்கும். மாதிரி செய்து பார்க்க நல்லது, நிரந்தரமாக விடாதீர்கள். 3டி பிரின்ட் செய்பவர்கள் பி.எல்.ஏ.வைத் தொடவே வேண்டாம், அது 60-லேயே வளையும். பெட்டியின் மேல் விளிம்பில் கார் கதவு ரப்பர் பீடிங் ஒட்டி, பானட் மூடியதும் அது அழுந்தி அடைத்துக்கொள்ளும்படி செய்யுங்கள். அந்த ரப்பர் இல்லாத ‘ஹீட் ஷீல்டு’ (சூட்டுத் தடுப்பு) வெறும் அலங்காரம். அடியில் 5 மி.மீ. வடிகால் துளை ஒன்று, ஃபில்டருக்கு முன்பக்கத்தில்.

ஃபில்டர்? கம்பெனி காகித ஃபில்டரையே வைத்துக்கொள்ளுங்கள் என்பது என் கட்சி. நம் ரோட்டுத் தூசியில் மணல் பொடி அதிகம். அது பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டர் சுவரையும் அரைத்துவிடும். எண்ணெய் பூசிய பருத்தி ஃபில்டர் போட்டே ஆக வேண்டும் என்றால் எண்ணெயை அளவாகப் பூசுங்கள், அதிகமானால் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சாரின் கம்பியில் படியும்.

படி 8: விட்டுப்போகும் ஹோஸ்கள்

வால்வு கவரிலிருந்து வரும் பிரீதர் ஹோஸை (இன்ஜினுக்குள் சேரும் எண்ணெய்ப் புகையை வெளியேற்றுவது) திறந்து தொங்க விட்டுவிட்டு எண்ணெய் வாடை அடிக்கிறது என்று புலம்புபவர்கள் நிறைய. அது ஃபில்டருக்குப் பின்னால், த்ராட்டிலுக்கு முன்னால் வந்து சேர வேண்டும். ஐடில் காற்று ஹோஸ் (ஆக்ஸிலரேட்டரில் கால் வைக்காதபோது காற்று தருவது) இருந்தால் அதுவும் அப்படித்தான். காற்று வெப்பநிலை சென்சாரைப் புதுப் பைப்பில் ரப்பர் கிராமெட் (வளையம்) போட்டுச் சொருகுங்கள். காற்று ஓட்டத்தில் அதன் மூக்கு நனைய வேண்டும். அலுமினியச் சுவரோடு ஒட்டி உட்கார்ந்தால் சுவரின் சூட்டைத்தான் சொல்லும்.

பெட்டியோடு ஒட்டி மூடிய டப்பா ஒன்று காரணமே இல்லாமல் தொங்குவது போலத் தெரிந்தால் அது ரெசொனேட்டர். இன்டேக் முழங்கலை அடக்க வைத்தது, பவரைத் தடுப்பதில்லை. கழற்றினால் 2500 ஆர்.பி.எம். சுற்றுவட்டாரத்தில் காதைக் குடையும் ரீங்காரம் வர வாய்ப்புண்டு.

படி 9: மறுபடி அதே ரோடு

அதே இடம், அதே நேரம், அதே டயர் பிரஷர், பெட்ரோலும் ஏறக்குறைய அதே அளவு. முதலில் மனோமீட்டர், அடுத்து தெர்மோகப்பிள். இரண்டு எண்களும் குறைந்திருக்க வேண்டும். ஒன்று குறைந்து மற்றது கூடியிருந்தால் மேலே சொன்ன 10 செ.மீ., 3 டிகிரி கணக்கைப் போட்டு மொத்தத்தைப் பாருங்கள். பிறகுதான் நேரம் அளப்பது: ஜி.பி.எஸ். லாகரில் ஒரே கியரில் 40-லிருந்து 70 கிலோமீட்டர் வேகம் வரை, இரண்டு திசையிலும் ஓட்டி சராசரி. எஸ்டீம் மாதிரி 85 பிஎச்பி வண்டியில் இரண்டு மூன்று பிஎச்பி மீண்டால் நல்ல வேலை. பத்து பிஎச்பி ஏறியது என்று யாராவது சொன்னால் டைனோ ஷீட் (பவரை அளக்கும் இயந்திரத்தின் அறிக்கை) கேளுங்கள்.

கார்புரேட்டர் வண்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பெட்டியை மாற்றினால் காற்று, பெட்ரோல் கலவையும் மாறக்கூடும். சிறிது தூரம் முழு த்ராட்டிலில் ஓடிய பிறகு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வெளுத்துச் சுண்ணாம்பு நிறத்தில் இருந்தால் பெட்ரோல் பற்றவில்லை, மெயின் ஜெட்டை (பெட்ரோல் வரும் துளை) ஒரு அளவு ஏற்ற வேண்டும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தயாரிப்பாளரின் விவரக்குறிப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது; 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதைக் கறாராகவே உறுதி செய்தது. ஆகவே ஒரிஜினல் பெட்டியைப் பத்திரமாக வையுங்கள், டிராக்குக்கு வெளியே ஓட்டுவதானால் ஆர்.டி.ஓ.விடமும் இன்ஷூரன்ஸிடமும் முதலில் கேளுங்கள், மாற்றியதும் புகைச் சான்றிதழுக்கு ஒருமுறை சோதித்துவிடுங்கள்.

அளப்பதற்காகப் போட்ட கனெக்டர்களில் ஃபில்டருக்கு முன்னும் பின்னும் உள்ள இரண்டைப் பிடுங்க வேண்டாம், மூடி போட்டு விடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மனோமீட்டரின் இரண்டு கால்களையும் அந்த இரண்டிலும் மாட்டி ஒரு ஓட்டம் ஓடுங்கள். ஃபில்டர் புதிதாக இருந்தபோது 7 காட்டியது 17 ஆகியிருந்தால் ஃபில்டரை மாற்றுங்கள். அக்டோபரில், மழை பிடிக்கும் முன், அடியில் உள்ள வடிகால் துளையில் ஒரு கம்பியை விட்டுக் குத்திப் பாருங்கள். காய்ந்த இலையும் சேறும் அங்கேதான் சேரும்.